சேன் (வருடி இடைமுகம்)

சேன் என்பது லினக்சு முதலிய யுனிக்சு வகை இயங்குதளங்களில் வருடிகளை இயக்க உதவும் கட்டற்ற மென்பொருளாகும். ஸ்கேனர் ஆக்சசு நவ் ஈசி என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். விண்டோசில் பயன்படும் டுவெயின் முறையில் வருடியின் இயக்கியும் திரையில் தோன்றும் சாளரமும் வழக்கமாக ஒன்றாகவே அமையும். சேன் இவ்விரண்டையும் பிரித்துள்ளதால், ஒரு கணினியில் இணைத்த வருடியை வலையமைப்பிலுள்ள பிற கணினிகளிலிருந்தும் பயன்படுத்தலாம்.

ஆதரவற்ற வருடிகள்

தயாரிப்பாளர் லினக்சு இயக்கியை வெளியிடாததால் மட்டும் ஒரு வருடி பயனற்றதாகிவிடாது. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் வருடிகளுக்குள் ஒரே சில்லு இருப்பதுண்டு. அவ்வாறாயின், வருடியின் யூ.எஸ்.பி. அடையாள எண்களை உரிய இயக்கியின் அமைவுக் கோப்பில் சேர்ப்பதே சில வேளைகளில் போதுமானது. சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் என்னும் கட்டளை அவ்வெண்களைக் காட்டும். பொருந்தாத இயக்கியை முயலும்போது வருடியிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி எழுந்தால் உடனே மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

ஸ்னாப்ஸ்கேன் இயக்கியால் இயங்கும் சில எப்சன், ஆக்ஃபா வருடிகளில் சிக்கல் வேறு. மின்சாரம் நின்றதும் இவை தமது நிலைபொருளை இழந்துவிடுவதால், கணினியே அதனை மீண்டும் ஏற்ற வேண்டும். பதிப்புரிமை காரணமாகச் சேன் அக்கோப்பை வழங்குவதில்லை. வருடியுடன் வந்த விண்டோசு குறுவட்டிலிருந்து அதனை எடுத்துக்கொள்ளலாம். 

சில்லே அறியப்படாததாயின், விண்டோசு இயக்கி வருடிக்கு அனுப்பும் தரவுகளைப் பதிவுசெய்து, ஒவ்வொரு கட்டளையின் பொருளையும் உய்த்துணர்ந்து, இயக்கியைப் புதிதாக எழுத வேண்டும். தன்னார்வலர் பலர் இவ்வாறு இயக்கிகளை உருவாக்கியுள்ளனர். அண்மைய வருடிகள் பல, தனி இயக்கி தேவைப்படாத ஈ.எஸ்.சி.எல். நெறிமுறையைப் பின்பற்றுகின்றன; சேன்-ஏர்ஸ்கேன் இவற்றை இயக்கும்.