போர்முனையிலிருந்து திரும்பிய நாய்கள்

முதல் உலக யுத்தத்தின் நடுப்பகுதியில், மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளிலிருந்து பின்னால் இருந்த தலைமை நிலையங்களுக்கு ஒரு துண்டுச் செய்தி அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டிருந்தது. டெலிபோன் கம்பிகளைப் பீரங்கிக் குண்டுகள் அறுத்தெறிந்தன. புறாக்கள் இருளிலும் மூடுபனியிலும் உதவவில்லை. செய்தி சுமந்து ஓடிய சிப்பாய்களில் பலர் பாதி வழியிலேயே மாண்டார்கள். யுத்தத்துக்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே நாய்களைப் பழக்கி, அவற்றை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு மன்றாடி வந்த எட்வின் ரிச்சர்ட்சன் என்னும் அதிகாரிக்கு அப்போதுதான் செவிசாய்த்தார்கள். அவர் அனுப்பிய வுல்ஃப், பிரின்ஸ் என்ற இரண்டு ஏர்டேல் நாய்கள் தம் திறமையை மெய்ப்பிக்கவே, 1917-ல் இங்கிலாந்தின் கடலோர ஊரான ஷூபரினெஸ்ஸில் யுத்த நாய்ப் பள்ளி ஒன்று எழுந்தது.

அங்கே கற்பிக்கப்பட்ட வித்தை ஒன்றே ஒன்று: திரும்பி வருதல். நாயைப் பராமரிக்கும் சிப்பாய் பின்னணியிலேயே தங்கிவிடுவான். வேறொருவன் அதைக் கயிற்றில் பிடித்து முன்னணிக்கு இட்டுச் செல்வான். செய்தி எழுந்ததும் அதைக் கழுத்துப்பட்டியிலுள்ள சிறு தகரக் குழாயில் இட்டு நாயை அவிழ்த்துவிடுவார்கள்; எவரும் அழைக்காமலே அது தன் சிப்பாயிடம் ஓடிவர வேண்டும். வேட்டை நாய்களுக்குக் கூவியழைக்க எளிதான குறும்பெயர்களையே இடவேண்டும் என்று கிரேக்க நாட்டு செனபோன் பண்டைக் காலத்திலேயே எழுதிவைத்தார். ஆனால் ஷூபரினெஸ் நாய்களையோ கூவியழைக்க எவருமில்லை, கூவினாலும் பீரங்கி முழக்கத்தில் அக்குரல் எட்டப்போவதுமில்லை.

இத்தகைய அரும்பணிக்கு வந்தவற்றுள் பல, லண்டன் பாட்டர்ஸீ போன்ற அநாதை நாய் விடுதிகளிலிருந்து எடுத்த, யஜமானனற்ற நாய்கள் என்பது என் உள்ளத்தை உருக்குகிறது. அவற்றுக்கு அன்றாடம் அப்பியாசம் நடந்தது. முதலில் சிறு தூரம். நாளடைவில் மைல் கணக்கு. முள்வேலி, நீர்நிலை, புகை, துப்பாக்கி வேட்டு, பீரங்கியோசை ஆகிய யாவற்றையும் கடந்து வந்து சேர்ந்தால், தன் சிப்பாயின் தடவலும் தீனியும் காத்திருக்கும். வழிதவறிய நாயை அடிப்பதில்லை. சாந்தமாகப் பிடித்து, மறுபடி வழிகாட்டுவார்கள். முன்னணியில் இருப்போர் அதற்கு உணவூட்டவோ கொஞ்சவோ கூடாதென்றும் கண்டிப்பான உத்தரவு இருந்தது; அங்கேயே அன்பும் ஆகாரமும் கிடைத்துவிட்டால், குண்டுமாரிக்கு நடுவே அது எதை நாடி ஓடிவரும்?

அக்காலத்தில் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-ல் வெளியிட்ட பயிற்சி நூல் பெருமதிப்புப் பெற்றிருந்தது. நிர்ப்பந்தத்துக்கு அதில் பெரும் இடமுண்டு. யஜமானன் அருகில் நிற்கும்வரை அம்முறையும் பலன் தரலாம். ஆனால் சவுக்கு ஏந்திய கை மைல்களுக்கு அப்பால் இருக்கும்போது, பயம் நாயை எந்தத் திசையிலும் ஓட்டக்கூடும். பிரியம் ஒன்றே அதைக் குறித்த இடத்துக்கு இழுத்துவரும். தாமதித்து வந்த நாயைத் தண்டிப்பவன் தாமதத்தைத் தண்டிப்பதாக எண்ணுகிறான். நாயோ, வந்ததற்காகவே அடி விழுந்தது என்று கொள்கிறது. இதனை நன்குணர்ந்த ரிச்சர்ட்சன், நாய்களிடம் பரிவில்லாதவர்களைப் பராமரிப்புக்கு ஏற்காமல், இயன்றவரை ஆட்டிடையர்களையும் வேட்டைக்காடு காப்போரையுமே நாடினார்.

தமது முறையை அவர் 1920-ல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். வீட்டில் நாய் வளர்ப்போர், அழைத்து நெடுநேரம் கழித்து வாலைக் குழைத்துக்கொண்டு வரும் பிராணியின்மேல் கையோங்குமுன், அந்த நூலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.