உலோகத்தை மறைக்காத வண்ணம்: ஒரு பொம்மைக் கார் தரும் சான்று

கார்களின் மேல் நாம் காணும் 'மெட்டாலிக்' மினுக்கம் காரின் உலோகத்திலிருந்து வருவதன்று. எஃகு உடல், துருத்தடுப்புப் பூச்சுக்கும் அடிப்பூச்சுக்கும் கீழே முற்றாக மறைந்துவிடுகிறது. மினுங்குபவை, அவற்றின் மேல் தெளிக்கப்பட்ட வண்ணத்தில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள். உலோகத்தை மூடிவிட்டு, அதன் மேல் உலோகத்தின் சாயலை வரைகிறோம். இந்த முரண் 1968-இல் ஒரு பொம்மைக் காரில் தலைகீழானது. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் அதன்மேல் சற்றே கவனம் செலுத்தலாம்.

1920-களில் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள் வந்த பின்னர், வாரக்கணக்கில் காய்ந்த கார் வண்ணம் மணிக்கணக்கில் காய்ந்தது, வண்ணங்களும் பெருகின. தொடக்கத்தில் மினுக்கத்துக்கு மீன் செதிலிலிருந்து எடுக்கப்பட்ட சாரம் பயன்பட்டது. அது விலை மிகுந்தது. அலுமினியத்தை உலர்நிலையில் இடித்துத் தூளாக்குவதோ வெடிவிபத்துக்கு இடமளித்தது. எவரெட் ஹால் என்பவர் அதனைத் திரவத்தில் நனைத்து, எஃகுக் குண்டுகளால் அரைக்கும் முறையை உருவாக்கினார். அலுமினியச் செதில் பாதுகாப்பாகவும் மலிவாகவும் கிடைக்க அது வழிவகுத்தது.

சிறிய மாதிரி காரில் ஓர் இடர் எழுகிறது. காரைச் சுருக்கலாம், செதிலை அதே விகிதத்தில் சுருக்க இயலாது. 20 மைக்ரான் அகலமுள்ள ஒரு செதில், 64-இல் ஒரு பங்கு அளவுள்ள காரின் மேல் அமர்ந்தால், முழு அளவுக் காரில் அது ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் அகலமுள்ள துணுக்குக்கு ஒப்பாகும். வண்ணம் மினுங்காமல் மணல் தூவியதுபோல் தோன்றும். பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்வோர் இன்றும் மிக நுண்ணிய செதிலைத் தேர்ந்து, காற்றுத் தெளிப்பானால் மெல்லிய அடுக்குகளாகப் பூசுவது இதனால்தான். ஈரம் மிகுந்தால் செதில்கள் மிதந்து ஓரிடத்தில் திரண்டு திட்டாகும். முன்மூடியையும் கதவுகளையும் உடலோடு ஒரே கிடையில் வைத்துப் பூசாவிடில், செதில்கள் வெவ்வேறு சாய்வில் படிந்து, ஒரே வண்ணம் இரு வண்ணமாகத் தெரியும்.

1968-இல் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' வரிசையின் முதல் 16 கார்களை வெளியிட்டது. அவற்றை வடிவமைத்தவர்களில் முதன்மையான ஹாரி பென்ட்லி பிராட்லி, ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றி வந்தவர். கலிபோர்னிய இளைஞர்கள் தம் விருப்பப்படி மாற்றியமைத்த கார்களே இவற்றுக்கு முன்மாதிரி. அக்கார்களில் வெள்ளி அல்லது பொன்னிற அடிப்பூச்சின் மேல் ஒளிபுகும் சிவப்பு அடுக்கடுக்காகப் பூசப்படுவதுண்டு. மேட்டல் அந்த அடிப்பூச்சையே நீக்கிவிட்டது. பொம்மையின் உடல் துத்தநாகக் கலப்புலோகத்தாலான வார்ப்பு. அதைப் பளபளப்பாக்கி, அதன் மேல் ஒளிபுகும் நிற லாக்கரைப் பூசினர். 'ஸ்பெக்ட்ராஃப்ளேம்' எனப் பெயர் பெற்ற அந்தப் பூச்சில் செதிலுக்கு வேலையில்லை. ஆகவே அளவுச் சிக்கலும் இல்லை. ஒளி நிறத்தை ஊடுருவி, உலோகத்தில் பட்டுத் திரும்பியது. பெரிய கார் உலோகத்தைப் போலி செய்தது. பொம்மை உலோகத்தையே காட்டியது.

இந்நிலை நீடிக்கவில்லை. 1973-இல் அந்நிறுவனம் ஒளிபுகா எனாமலுக்கு மாறியது. எனாமலுக்குக் கீழே உடலைப் பளபளப்பாக்க வேண்டிய தேவையில்லை. வார்ப்பின் சிறு குறைகளையும் அது மறைத்துவிடும். செலவைச் சுருக்க விழையும் தொழிற்சாலைக்கு இது பெரும் வசதி.

இன்று சேகரிப்போர் கைகளில் உள்ள தொடக்ககாலக் கார்கள் பலவற்றில், நிறத்துக்கு அடியில் கருந்திட்டுகள் தெரிகின்றன. சேகரிப்போர் இதைக் குறையெனக் கொண்டு விலையைக் குறைக்கின்றனர். வரலாற்றாய்வாளருக்கோ அது சான்று. அடியிலிருப்பது வெறும் உலோகம் என்பதையும், மேலிருப்பது ஒளிபுகும் படலம் என்பதையும் அக்கறையே காட்டிக்கொடுக்கிறது. பழுதுபார்ப்பவர் அப்பூச்சைக் கரைத்து மீண்டும் மெருகேற்றும்போது கார் புதிதாகிறது. அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கான மூலச் சான்று அழிகிறது. ஆவணத்தைத் திருத்தி எழுதத் தயங்கும் நாம், பொருளைத் துடைத்துவிடுவதற்கு முன்பும் அதே தயக்கத்தைக் கொள்ள வேண்டும்.