சுண்ணாம்பும் கடற்கரையும்: தென்மேற்குக் கரையோர முருகைக்கல் அகழ்வின் வரலாறு

கட்டடம் எழும் இடம் ஒன்று. அதற்கான மூலப்பொருள் பெறப்படும் இடம் பிறிதொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் விலகியே கிடப்பதனால், வீட்டைக் கட்டுவோன் அவ்வீட்டின் பொருட்டு நிகழும் அழிவைக் காண்பதில்லை. கட்டட வேலைகளாற் சூழலுக்கு நேரும் கேட்டினைக் குறைக்க முற்படுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவாகும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் நிகழ்ந்த முருகைக்கல் அகழ்வின் வரலாறு இதனைத் தெளிவுற உணர்த்துகின்றது.

முருகைக்கல்லைக் கொண்டு கட்டடம் அமைக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் கோட்டையிலும் காலிக் கோட்டையிலும் அக்கல்லை இன்றுங் காணலாம். ஆயினும், கல்லாகப் பயன்பட்டதைவிடச் சுண்ணாம்பாக எரிக்கப்பட்டதே பேரழிவுக்கு வழிகோலிற்று. முருகைக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினாலானது. சூளையில் விறகிட்டு எரிக்குமிடத்து அதிலுள்ள காபனீரொட்சைட்டு நீங்கி, நீறாச் சுண்ணாம்பு எஞ்சும். நீர் சேர்த்து நீற்றப்பட்ட சுண்ணாம்பு சாந்துக்கும் சுவர்ப்பூச்சுக்கும் வெள்ளையடிப்பதற்கும் உதவிற்று. எனவே, ஒவ்வொரு சூளையும் கடலின் பாறையையும் தரையின் மரத்தையும் ஒருங்கே உட்கொண்டது எனலாம்.

சுதந்திரத்தின் பின்னர் வீடமைப்புப் பெருகியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுலாத்துறையும் வளரத் தொடங்கவே சுண்ணாம்பின் தேவை மேலும் உயர்ந்தது. 1984இல் மேற்கொள்ளப்பட்ட அளவீட்டின்படி, அம்பலாங்கொடை முதல் திக்வெல்லை வரையான கரையோரத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குச் சென்றது. அதில் ஏறத்தாழ 12 வீதமே கடலிலுள்ள உயிர்ப்பாறையிலிருந்து பெறப்பட்டது. எஞ்சியவை உள்நிலப் படிவுகளிலும் கடற்கரையிலும் எடுக்கப்பட்டவை. எனினும், உயிர்ப்பாறை மிக மெதுவாகவே வளர்வது. அதிற் சிறு பங்கை இழப்பதும் பேரிழப்பே. பாறை குன்றியவிடத்து அலையின் வேகந் தணியாது, கரை அரிக்கப்படும், பாறையை உறைவிடமாகக் கொண்ட மீனினமும் அருகும். உள்நிலத்திலோ, தோண்டிய குழிகளில் நீர் தேங்கி நிலம் பயனற்றுப் போயிற்று.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டம், கரையோர வலயத்தை வரையறுத்து அதன் அபிவிருத்தி வேலைகளை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்திற்று. 1988இல் நிறைவேறிய திருத்தம் ஒருபடி மேலே சென்று, அவ்வலயத்தில் முருகைக்கல்லை அகழ்தல், சேர்த்தல், கொண்டுசெல்லல், எரித்தல் ஆகியவற்றைத் தடைசெய்தது. ஆனால், தடையோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அகழ்வோர் வேறு வருவாயற்ற ஏழைகள். மாற்றுத் தொழில் வழங்க எடுத்த முயற்சிகள் சிறிதளவே பயனளித்தன. சுண்ணாம்பு வேண்டுவோர் இருக்கும்வரை, பசித்தவன் கடலில் இறங்குவதைச் சட்டத்தினால் மட்டுந் தடுத்தல் அரிது. மாத்தளை முதலிய உள்நாட்டுப் பகுதிகளில் தொலமைற்றுச் சுண்ணக்கல் கிடைக்கின்றது; கடற்பாறைக்குப் பதிலாக அதனை விரைந்து சந்தைக்குக் கொணர்ந்திருப்பின் தடையின் பயன் பெருகியிருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வரலாற்றின் துயரமிகு அத்தியாயமாகும். பெரலியாவில் கடல் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக உட்புகுந்து புகையிரதத்தையே புரட்டியது. தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில், பாறை பேணப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் அத்துணை உயரவுமில்லை. அத்துணை தூரஞ் செல்லவுமில்லை. பாறை அகழப்பட்டமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமென 2005இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். கடலடித் தரையின் அமைப்பும் அலையின் போக்கை நிர்ணயிக்குமாதலின், அனைத்தையும் அகழ்வின் மேற் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும் அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தலும் தகாது.

அதே பேரழிவின் பின்னர் வீடுகளை மீளக் கட்டுதற்கு ஆற்றுமணலின் தேவை பெருகிற்று. ஆறு கொணரும் மணலே கரையை ஊட்டுவது. அதனை அளவின்றி அள்ளுமிடத்துக் கடல் மீண்டும் கரையை அரிக்கும். உவர்நீரும் ஆற்றில் ஏறும். ஒரு பொருளைத் தடுத்து, மற்றொன்றின் மீது சுமையை ஏற்றுதல் தீர்வாகாது என்பதையே இது காட்டுகின்றது.

ஆகவே, தடைச்சட்டம், மாற்றுப்பொருள், அகழ்வோருக்கான வாழ்வாதாரம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனிழக்கும். மதிப்பீட்டுப் பத்திரத்தில் கல்லுக்கும் மணலுக்கும் விலை குறிக்கும் நாம், அவை எடுக்கப்பட்ட இடத்தில் வாழ்வோர் செலுத்தும் விலையையும் கணக்கிற் சேர்க்கப் பழகுதல் வேண்டும். அக்கணக்கை எழுதும் பொறுப்பு பொறியியலாளர்க்கு மட்டுமன்றி, வரலாறு பயிலும் நமக்கும் உரியதாகும்.