கொலைக்களமும் இறைச்சிக்கூடமும்

ஆம்பூரில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், சிலப்பதிகாரத்தின் 16-ஆம் காதையாகிய கொலைக்களக் காதையை ஒருநாள் நடத்தத் தொடங்கினேன். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "கொலைக்களம் என்றால் மாட்டுத்தொட்டியா ஐயா?" என்று வினவினான். வகுப்பே சிரித்தது. அவ்வினாவில் பிழையில்லை என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

களம் என்பது செயல் நிகழும் இடம். உழவர்க்கு நெற்களம், மறவர்க்குப் போர்க்களம். கோவலன் வெட்டுண்ட இடம் கொலைக்களம். செய்கையை மறைக்காத சொல் அது. விலங்குகளை அறுக்கும் இடத்தையோ மக்கள் அவ்வாறு சொல்வதில்லை. தொட்டி என்கிறார்கள், கசாப்பு என்கிறார்கள். பின்னதற்கு மூலமான அரபுச் சொல் அறுப்பவனைக் குறிப்பது. ஆளின் பெயர் நம்மிடம் தொழிலின் பெயராயிற்று. மகாவீர் ஜெயந்தியை முன்னிட்டு வெளிவரும் மாநகராட்சி அறிவிப்புகளில் 'இறைச்சிக்கூடம்' என்றே காண்கிறோம். கூடம் என்பது எவ்வளவு இதமான சொல்! பள்ளிக்கும் அதுவே அல்லவா பெயர்? பிரெஞ்சுக்காரரின் 'அபட்வார்' என்னும் சொல்லும் வீழ்த்துதல், சாய்த்தல் என்னும் பொருளில் பிறந்ததே.

நம் முன்னோர் பெயரால் ஏமாறவில்லை. யசோதர காவியத்தில் அரசன் தாயின் சொற்கேட்டுப் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று, மாவினால் செய்ததை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால், தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்குகளாய்ப் பிறந்து துன்புற்றனர்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் வளர்ந்த தோல் தொழிலிலும் இத்தகைய சொற்களே வழங்குகின்றன. உப்பிட்டு வந்து இறங்குவது 'பச்சைத் தோல்'. முன்னாளில் அதை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதப்படுத்தின; பின்னர் குரோமிய உப்பு வந்தது. பாலாறு மாசடைந்தது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நீரைப் பற்றிய வழக்கு. தோலுக்கு உரிய உயிர் அங்கே பேசப்படவில்லை.

உண்பதற்காகக் கொள்வோர் இல்லையெனில் ஊன் விற்போரும் இரார் என்பது புலால் மறுத்தல் அதிகாரத்தின் கருத்து. ஊனை விட்ட நம் குடும்பங்கள் தோலை விட்டனவா? சினாலயத்தின் வாயிலில் கழற்றி வைத்த காலணிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவ்வினா எழும்.

நான் ஓய்வு பெற்ற நாளில் அம்மாணவன் வந்தான். காலணித் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொல்லி, தன் கையால் தைத்த தோற்செருப்பு ஒரு சோடியை என்முன் வைத்து வணங்கினான். மறுக்க மனம் வரவில்லை, அணியவும் இல்லை. இன்றும் அது பெட்டியிலேயே இருக்கிறது.