500 யென்னுக்கு ஒரு விளையாட்டு

வீடியோ கேமைப் பெட்டியோடு வாங்குவதா, தரவாக மட்டும் பெறுவதா என்ற தேர்வு இணையத்துக்கு முன்பே ஜப்பானில் எழுந்தது. 1986 பிப்ரவரியில் நிண்டெண்டோ, தன் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவிக்கு டிஸ்க் சிஸ்டம் என்ற துணைக்கருவியை வெளியிட்டது. அதன் காந்தத் தகட்டில் இருந்த விளையாட்டை அழித்து, வேறொன்றைப் பதியலாம். கடைகளில் நின்ற டிஸ்க் ரைட்டர் இயந்திரத்தில் இதற்குக் கட்டணம் 500 யென். விளையாட்டு பதிந்து வரும் புதிய கார்ட்ரிட்ஜோ பல ஆயிரம் யென். சிறுவர்களின் கைக்காசுக்கு எட்டிய அருமையான ஏற்பாடு அது. ஆனால் புதியதைப் பெற, பழையதை இழக்க வேண்டும்.

தகட்டின் கொள்ளளவு சுமார் 112 கிலோபைட். கார்ட்ரிட்ஜ்கள் விரைவிலேயே அதை மிஞ்சின; பேட்டரி வைத்து ஆட்டத்தைச் சேமிக்கவும் செய்தன. தகடுகளைக் கள்ளப்பிரதி எடுப்பதும் பெருகியது. ஆயினும் மறுபதிவுச் சேவை 2003 வரை நீடித்தது. 1997இல் லாசன் சங்கிலிக் கடைகளில் தொடங்கிய நிண்டெண்டோ பவர் சேவை, இதே முறையை ஃபிளாஷ் நினைவகக் கார்ட்ரிட்ஜுக்குக் கொண்டுவந்தது; அது 2007இல் முடிந்தது.

பின்னர் இணையக் கடைகள் வந்தன. நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. அங்கு மட்டுமே கிடைத்த பல விளையாட்டுகளை இன்று முறைப்படி வாங்க வழியில்லை. பெரிய இழப்பு இது. 1986ஆம் ஆண்டின் தகடுகளோ பழைய பொருள் கடைகளில் இன்னும் கைமாறுகின்றன.