மலேரியா: உடலின் நினைவை ஏய்க்கும் ஒட்டுண்ணி

தட்டம்மை ஒருமுறை கண்டவருக்கு அது மீண்டும் வருவது அரிது. மலேரியா அப்படியானதல்ல. ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஒரே குழந்தை ஓராண்டுக்குள் பலமுறை இக்காய்ச்சலுக்கு ஆளாவதுண்டு.

மலேரியா ஒட்டுண்ணிகளில் அதிக உயிர்களைப் பலிகொள்ளும் பால்சிபாரம் வகை, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் மறைந்து வாழ்கிறது. ஏனைய உயிரணுக்கள் தமக்குள் கிருமி புகுந்தால் அதன் துணுக்குகளை வெளியே காட்டி, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தை எச்சரிக்கும். முதிர்ந்த சிவப்பணுக்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. மண்ணீரலுக்குச் சென்றால் அழிந்துவிட நேரும் என்பதால், சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒருவகைப் புரதத்தை நிறுத்தி, இரத்தக் குழாய்ச் சுவரில் அதனை ஒட்டச் செய்கிறது இந்த ஒட்டுண்ணி. இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை உடல் உருவாக்குவதற்குள் ஒட்டுண்ணிகள் வேறொரு புரதத்துக்கு மாறிவிடுகின்றன. இதற்கென அவற்றிடம் சுமார் 60 மரபணுக்கள் உள்ளன.

ஆனாலும் உடல் முற்றாகத் தோற்றுவிடுவதில்லை. காம்பியாவில் வயதுவந்தோரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருட்களை நோயுற்ற சிறுவர்களுக்குச் செலுத்தியபோது, ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததை 1961 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப நோய்வாய்ப்பட்டுச் சேர்த்த பாதுகாப்பு அது. கிருமியை அது முழுமையாக விரட்டுவதில்லை, உயிராபத்தையே தவிர்க்கிறது. அதற்குக் குழந்தைகள் கொடுக்கும் விலை மிக அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2021, 2023 ஆம் ஆண்டுகளில் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும், கிருமி ஈரலை அடையுமுன் அதனைத் தாக்குபவை. அவற்றின் பாதுகாப்பும் காலப்போக்கில் குறைவதால் நான்கு தவணைகள் தேவைப்படுகின்றன.

நோய் பரவும் இடத்தை விட்டு நீங்கினால், இயல்பாகப் பெற்ற பாதுகாப்பும் மங்கிவிடும். இலங்கையில் 1934-35 ஆம் ஆண்டுகளில் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட கொள்ளைநோய், மலேரியாவுக்குப் பழகிப்போன வறண்ட பிரதேசங்களைவிட, அதனை அதிகம் அறியாத கேகாலை போன்ற பகுதிகளையே கடுமையாகத் தாக்கியது. 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில், அந்தப் பழைய எதிர்ப்புச் சக்தியும் இன்று எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. இளவயதில் வன்னியில் இக்காய்ச்சலைக் கண்டு, பின்னர் ஐரோப்பாவிலோ கனடாவிலோ குடியேறியவர்களுக்கும் இது பொருந்தும். ஆப்பிரிக்காவுக்கோ இந்தியாவின் மலேரியா பரவும் பகுதிகளுக்கோ பயணம் செய்து திரும்பிய பின் இவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், தாமதமின்றி இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம்.