எருக்கும் வெந்தய வரியனும்: அண்ணாமலை அடிவாரத்து வண்ணத்துப்பூச்சியின் வரலாறு

திருவண்ணாமலையில் ஆண்டு முழுவதும் கண்ணில் படும் வண்ணத்துப்பூச்சிகளில் வெந்தய வரியன் ஒன்று. சிறகை விரித்தால் 7 முதல் 8 செ.மீ. இருக்கும். செம்மஞ்சள் சிறகு, கறுத்த ஓரம், முன்சிறகின் நுனியில் வெள்ளைப் பட்டை. இது அவசரப்படாமல் தாழப் பறக்கும். கிரிவலப் பாதையின் 14 கி.மீ. தூரத்தில் வேலியோரமும் குப்பைமேடும் எருக்கும் சேர்ந்திருக்கும் இடங்களில் தேடினால் எளிதில் அகப்படும். வடகிழக்குப் பருவமழை பெய்து செடிகள் தழைத்த பிறகு இன்னும் அதிகமாகத் தென்படும்.

மனிதர் தீட்டிய வண்ணத்துப்பூச்சிகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் உண்டு. எகிப்தின் தீப்ஸ் நகரில் நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், நாணற்காட்டுப் பறவை வேட்டைக் காட்சியின் நடுவே இது பறக்கிறது. அந்த ஓவியத்தின் வயது ஏறத்தாழ 3,350 ஆண்டுகள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லின்னேயஸ் 1758-இல் இதற்கு கிரிசிப்பஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவிய இனம் என்பதால், இந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதியவர் எவரும் இதை விட்டுவிடவில்லை. பிங்காம் 1905-இல் வெளியிட்ட தொகுதியிலும், விண்டர்-பிளைத் 1957-இல் எழுதிய நூலிலும் இது இடம்பெற்றுள்ளது.

திருவண்ணாமலையில் இதன் வரலாறு எருக்கின் வரலாற்றோடு பின்னியது. எருக்கு பாழ்நிலத்துச் செடி. ஆடு மாடு அதன் இலையை எளிதில் கடிப்பதில்லை. விறகுக்கு வெட்டுவாரும் குறைவு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் புகைப்படங்களில் அண்ணாமலை பெரும்பாலும் மொட்டைப் பாறையாகத் தெரிகிறது. விறகு வெட்டும் மேய்ச்சலும் கோடைத் தீயும் காட்டை அழித்த இடத்தில், எருக்குக்கு வெயிலும் வெற்றிடமும் தாராளமாகக் கிடைத்தன. காட்டை நம்பிய உயிர்கள் பல குறைந்தாலும் வெந்தய வரியனுக்கு உணவுப் பஞ்சம் வந்திருக்காது.

சடங்கும் செடியைக் காத்தது. பாழடைந்த வீட்டை எருக்கு முளைத்த வீடு என்று பழித்தாலும், விநாயகர் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலை இல்லாமல் பூசை நடப்பதில்லை. வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து வழிபடுவோரும் உண்டு. ரதசப்தமியன்று எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுவது வழக்கம். அதே நாளில்தான் அருணாசலேசுவரர் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். சங்க காலத்தில் மடலேறும் தலைவன் சூடியதும் எருக்கம்பூதான். பயிராக யாரும் வளர்க்காத ஒரு செடிக்கு இத்தனை நெடிய மதிப்பு கிடைத்தது அந்த வண்ணத்துப்பூச்சியின் நல்லூழ்.

பெண் பூச்சி இலைக்கு ஒன்றாக முட்டையிடும். எருக்கு இல்லாத இடத்தில் வேலிப்பருத்தி போன்ற அதே குடும்பத்துக் கொடிகளை நாடும். முட்டை கடுகளவுகூட இராது; வெண்மையாக, மேலிருந்து கீழாக நுண்கோடுகள் ஓடியிருக்கும். சுமார் மூன்று நாளில் பொரிக்கும். வெளிவந்த புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. பிறகு இலைக்குப் போகும்.

எருக்கிலையைக் கடிப்பது எளிதல்ல. கிள்ளிய இடத்தில் கெட்டியான பால் வடிந்து சிறு வாயை ஒட்ட வைத்துவிடும். புழு அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. தான் தின்னப்போகும் பகுதியைச் சுற்றி அரைவட்டமாக முதலில் ஒரு வெட்டுப் போடும். அந்த வெட்டில் பால் வடிந்து நின்றுபோகும்; அதற்கு அப்பால் உள்ள பகுதியை நிதானமாகத் தின்னும். எருக்கிலையைப் புரட்டிப் பார்ப்பவர் இந்த வளைந்த வெட்டைப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் மாறி மாறி வரும் உடல், முதுகில் மூன்று இணைக் கரிய இழைகள். நான்கு முறை தோலுரித்துச் சுமார் 4 செ.மீ. வரை வளரும்.

பிறகு இலையடியிலோ தண்டிலோ பட்டுப் பொத்தான் ஒன்றை நெய்து, தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பின்னணிக்கேற்ப அது பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ இருக்கும்; மேற்பகுதியில் பொன்னும் கறுப்புமாக ஒரு வரிசைப் புள்ளிகள். சிறகு விரியும் காலம் நெருங்கும்போது கூட்டின் தோல் வழியாகவே செம்மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கும்.

எருக்கின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் காக்கிறது; செடிக்குச் செடி அதன் அளவு மாறுபடும். கொத்திய பறவை துப்பிவிடும். பிடிபட்ட பூச்சி செத்ததுபோல் கிடந்து குமட்டும் நீரைக் கசியவிடும். தோல் கெட்டியானதால் பெரும்பாலும் பிழைத்துப் பறந்துவிடும். அது மெல்லப் பறப்பதன் காரணமும் இந்தத் துணிவே. 1862-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து விளக்கிய போலி வேடத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பருப்புக்கீரையில் வளரும் வேறோர் இனத்தின் பெண், நஞ்சு இல்லாமலே வெந்தய வரியனின் நிறத்தைப் பூண்டு திரிகிறது. அதன் ஆணோ கறுப்பில் வெண்புள்ளிகள் கொண்டு முற்றிலும் வேறாக இருக்கிறது.

வெந்தய வரியனின் ஆணைப் பின்சிறகில் அடையாளம் காணலாம். நான்கு கரும்புள்ளிகளில் ஒன்று மணப்பை. பெண்ணுக்கு மூன்றே புள்ளிகள். பெண்ணை ஈர்க்கும் மணத்தைச் செய்ய ஆணுக்கு ஒரு மூலப்பொருள் வேண்டும். அதற்காக வாடிய கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண்கள் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும்.

1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலைச் சரிவில் மரம் நடும் பணி தொடர்ந்து நடக்கிறது. தீத்தடுப்புக் கோடு வெட்டி, நாட்டு மரங்களை வளர்த்தவர்களின் உழைப்பால் மலை மீண்டும் பசுமையாகிறது. இது மிகப் பெரிய சாதனை. ஆனால் நிழல் கூடினால் எருக்கு அங்கே நிலைக்காது. ஆகவே வெந்தய வரியனுக்கு இனி அடிவாரத்து வெட்டவெளியும் ஏரிக்கரையும் சாலையோரமும்தான் இடம். அவைதான் வீட்டுமனையாகவும் வண்டி நிறுத்தமாகவும் மாறுகின்றன. மிஞ்சிய ஓரங்களில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. சதுர்த்திக்குப் பூப்பறிப்பவர் கிளையை ஒடிக்காமல் பூவை மட்டும் எடுக்கட்டும். மனையைத் துப்புரவாக்குபவர் வேலியோரத்தில் இரண்டு எருக்கஞ்செடியை விட்டுவைக்கட்டும்.